பலர் உழைப்பும் ஒருவர் பெயரும்!

ஒருவன் பொருளை அவனறியாமல் எடுத்துக்கொள்வதைக் களவு என்று உலகம் கூறுகின்றது. ஒருவன் தானே உளமுவந்து எல்லார்க்கும் பொதுவாக வைத்த பொருளை எடுத்துப் பயன்கொண்டு, வைத்தவன் பெயரை மட்டும் துடைத்தெறிந்துவிடுவதை என்னவென்று கூறுவது? அதனைக் களவென்று கூறத் தயங்குவாரும் செய்ந்நன்றி கோறல் என்று கூறத் தயங்கார். இற்றை நாளில் இக்கொலை கணினித் திரையிலும் அச்சுத்தாளிலும் நாடோறும் நடைபெறுகின்றது. செய்வார்க்கு நாணமில்லை, காண்பார்க்குச் சினமில்லை, இழந்தவர்க்கோ தாம் இழந்ததே தெரிவதில்லை.

ஊரும் நாடும் வேறுபட்ட பல்லாயிரவர், ஒருவர் முகத்தை ஒருவர் பாராமலே இணையத்தின் வழியாக ஒன்றுகூடிக் கலைக்களஞ்சியம் தொகுக்கின்றனர், அகரமுதலி ஆக்குகின்றனர், நிலப்படம் வரைகின்றனர், மென்பொருள் எழுதுகின்றனர். 2001-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற விக்கிப்பீடியா என்னும் கட்டற்ற கலைக்களஞ்சியம் இத்தகைய கூட்டுழைப்பின் தலையாய விளைவாகும். அதன் தமிழ்ப் பதிப்பு 2003-இல் தோன்றியது. தமிழகத்திலும் ஈழத்திலும் பிற நாடுகளிலும் வாழும் தமிழர்கள் தம் அலுவல் முடிந்த பின்னை, உறக்கத்தைக் குறைத்துக்கொண்டு, கூலி வேண்டாது எழுதியவையே அதன் கட்டுரைகள். ஒருவர் கட்டுரையைத் தொடங்குவார்; ஒருவர் சான்று சேர்ப்பார்; ஒருவர் சந்திப்பிழை நீக்குவார்; ஒருவர் படம் எடுத்து வந்து வைப்பார். இவ்வாறு பலர் கைபட்டு வளர்ந்த ஒன்றை யார் எழுதியது என்று கூறுவது? வினா எளிதுபோல் தோன்றும். விடையோ உலகின் அறிஞர்களையும் சட்டம் வல்லாரையும் முப்பதாண்டுகளாக எண்ண வைத்துள்ளது.

இதனை விளங்கிக்கொள்ளக் கட்டற்ற உரிமம் என்பது யாதெனத் தெளிதல் வேண்டும். ஒரு நூலையோ படத்தையோ ஆக்கியவர்க்குச் சட்டம் பதிப்புரிமை அளிக்கின்றது. அவர் ஒப்புதலின்றிப் பிறர் அதனைப் படியெடுக்கலாகாது; மாற்றலாகாது; விற்கலாகாது. இவ்வுரிமைகளைத் தம்மிடமே பூட்டி வைத்துக்கொள்ளாமல், 'எவரும் படியெடுக்க, திருத்துக, அச்சிட்டு விற்பதாயினும் விற்க' என்று முன்கூட்டியே உலகத்தார்க்கு எழுதிக் கொடுக்கும் ஆவணமே கட்டற்ற உரிமம். 2001-இல் அமெரிக்காவில் தோற்றுவிக்கப்பெற்ற கிரியேட்டிவ் காமன்சு என்னும் அமைப்பு, 2002 திசம்பரில் இத்தகைய உரிமங்களை முதன்முதலாக வெளியிட்டது. விக்கிப்பீடியா இன்று மேற்கொண்டிருப்பது அவற்றுள் ஒன்றாகும். அது கொள்வாரிடம் வேண்டுவன மூன்றே: ஆக்கியவர் பெயரைச் சுட்டுக, மாற்றம் செய்திருப்பின் அதனைக் குறிப்பிடுக, மாற்றி ஆக்கியதையும் இதே உரிமத்தின்கீழ்ப் பிறர்க்குக் கொடுக்க.

இவை கெஞ்சிக் கேட்கும் வேண்டுகோள்கள் என்று பலர் கருதிக்கொண்டிருக்கின்றனர். அக்கருத்துத் தவறானது. இந்நெறிகளை மீறிய அப்பொழுதே, அளித்த இசைவு தானாக முடிந்துபோகும் என்று உரிமத்திலேயே எழுதப்பட்டுள்ளது. 2013-இல் வெளிவந்த அதன் நான்காம் பதிப்பு, மீறியவர் தம் தவற்றை அறிந்த 30 நாள்களுக்குள் திருத்திக்கொண்டால் உரிமை மீளும் என்று ஒரு வாயிலையும் திறந்து வைத்துள்ளது. கொடுத்தவர்கள் அத்துணைப் பொறுமையுடையவர்கள். விலை கேளாமல், பங்கு கேளாமல், முன்னிசைவும் வேண்டாமல் எல்லாவற்றையும் கொடுத்தவர்கள் தமக்கென்று வைத்துக்கொண்டது தம் பெயர் ஒன்றைத்தான்.

அவ்வொன்றையும் கொடாமைக்குக் கூறப்படும் சாக்கு, 'எழுதியவர் பலர்; எத்தனை பேர் பெயரைத்தான் போடுவது?' என்பது. இச்சாக்கு முழுதும் பொய்யென்று தள்ளத் தக்கதன்று. மெய்யான ஓர் இடர்ப்பாடு அதன் அடியில் உண்டு. அமெரிக்காவின் கலிபோர்னியப் பல்கலைக்கழகம், தன் பெர்க்கிலிக் கிளையில் எழுதப்பெற்ற மென்பொருளைப் பொதுவில் வெளியிட்டபொழுது, அதனைக் குறிப்பிடும் விளம்பரங்களில் எல்லாம் பல்கலைக்கழகத்தின் பெயரும் பங்களிப்பாளர் உழைப்பும் சுட்டப்பெறல் வேண்டும் என்று விதந்து கூறியது. அதனைக் கண்ட பிறரும் தத்தம் பெயரை இட்டு அவ்வாறே எழுதத் தொடங்கினர். கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் தந்தையாகிய இரிச்சர்டு சுட்டால்மன், 1997-ஆம் ஆண்டின் ஒரு மென்பொருள் தொகுப்பில் இத்தகைய நன்றியுரைகள் 75 இருந்தமையை எண்ணிக் காட்டினார். ஒரு சிறு விளம்பரத்தில் 75 நன்றியுரைகளை எங்ஙனம் அச்சிடுவது? 1999-இல் அப்பல்கலைக்கழகமே அவ்விளம்பர நெறியைக் கைவிட்டது. எனினும் மென்பொருளின் உள்ளே இருந்த உரிமைக் குறிப்பையும் பெயரையும் அழித்துவிடுமாறு அது கூறவில்லை.

விக்கிப்பீடியா முதலில் மேற்கொண்ட உரிமம் சுட்டால்மனின் அறக்கட்டளை ஆக்கிய குனு கட்டற்ற ஆவண உரிமம் ஆகும். மாற்றிய பதிப்பின் முகப்பேட்டில் முதன்மையான ஆசிரியர் ஐவரையேனும் குறிப்பிடல் வேண்டும். ஆவணத்தின் வரலாற்றைக் கூறும் பகுதியையும் காத்துவரல் வேண்டும் என்பன அதன் நெறிகள். ஒருவரோ இருவரோ எழுதும் கையேட்டுக்கு இது பொருந்தும். ஆயிரம் பேர் எழுதிய கட்டுரையில் முதன்மையான ஐவர் யாவர்? மிகுதியாக எழுதியவரா, முதலில் எழுதியவரா, நுண்ணிய பிழை ஒன்றைக் கண்டு பெருந்தவற்றைத் தடுத்தவரா? அளவுகோல் எவரிடமும் இல்லை.

இவ்விடர்ப்பாட்டை ஒரு நிறுவனம் நேர்மையுடன் எதிர்கொண்ட முறை எண்ணத்தக்கது. 2008-இல் செருமானிய நாட்டின் பெர்த்தெல்சுமன் பதிப்பகம், செருமானிய விக்கிப்பீடியாவினின்று தேர்ந்தெடுத்த செய்திகளைச் சுருக்கி ஏறத்தாழ 1,000 பக்கங்கள் கொண்ட ஒரே மடலமாக அச்சிட்டது. அது விற்பனைக்கென ஆக்கிய நூலாகும். ஆயினும் எழுதியவர்கள் ஏறத்தாழ 90,000 பேரின் பெயர்களையும் அந்நூலிலேயே பொடி எழுத்தில் அச்சிட்டது. அப்பெயர்களுள் மெய்ப்பெயர்களும் இருந்தன, புனைபெயர்களும் இருந்தன. படிப்பவர் எவரும் அவை அனைத்தையும் படிக்கப்போவதில்லை என்பது பதிப்பகத்தார்க்குத் தெரியும். எனினும் 90,000 பேருள் ஒருவர் அந்நூலை வாங்கிப் புரட்டித் தம் பெயரைத் தேடினால், அது அங்கே இருக்கும். அறம் என்பது அவ்வொருவரின் பொருட்டு இடம் ஒதுக்குவதாகும்.

அடுத்த ஆண்டு, 2009-இல், இச்சிக்கலுக்கு எழுதியவர்களே ஒரு தீர்வு கண்டனர். விக்கிப்பீடியாவின் உரிமத்தை மாற்றலாமா என்பதை நிறுவனத்தார் தாமே முடிவு செய்துவிடாமல், பங்களிப்பாளர் முன்வைத்தனர். 17,000 பேருக்கு மேல் வாக்களித்தனர். நூற்றுக்கு 75 பேருக்கு மேல் மாற்றத்திற்கு இசைந்தனர். அதன்படி, கட்டுரையை எடுத்தாள்வோர் ஆசிரியர் அனைவர் பெயரையும் பட்டியலிடலாம். அன்றி அக்கட்டுரையின் இணைய முகவரியைக் கொடுத்தாலும் போதும். ஏனெனில் ஒவ்வொரு கட்டுரைக்கும் வரலாற்றுப் பக்கம் ஒன்று உண்டு. எவர், எந்நாளில், எந்நேரத்தில், எந்தச் சொல்லைச் சேர்த்தார், எதனை நீக்கினார் என்பன அனைத்தும் அதில் பதிவாகியுள்ளன. முகவரியைப் பற்றிச் சென்றால் பெயர்களைக் காணலாம். பெயர்ப்பட்டியல் முகவரியாகச் சுருங்கியது, ஆனால் மறையவில்லை.

அவ்வகையில் சுருக்காமல் விரித்தால் எவ்வளவு இடம் வேண்டும் என்பதையும் ஒருவர் கணக்கிட்டுக் காட்டினார். மைக்கேல் மாண்டிபெர்கு என்னும் அமெரிக்கக் கலைஞர், 2015-இல் ஆங்கில விக்கிப்பீடியா முழுவதையும் நூல் மடலங்களாகப் பகுத்தமைத்து, அவற்றுள் ஒரு பகுதியை அச்சிட்டு நியூயார்க்கு நகரில் காட்சிக்கு வைத்தார். கட்டுரைகள் மட்டும் 7,473 மடலங்கள் ஆயின. எழுதியவர் பெயர்ப்பட்டியல், ஏறத்தாழ 75 இலக்கம் பெயர்களுடன், 36 மடலங்களில் அடங்கியது. கட்டுரைகளோடு ஒப்பிட்டால் பெயர்களுக்கு ஆன இடம் இருநூற்றில் ஒரு பங்கேயாகும். இருநூறு பக்க நூலில் ஒரு பக்கத்தை, அந்நூலை உருவாக்கியவர் பெயர்க்கு ஒதுக்க இயலாது என்பார் கூற்றை எவ்வாறு ஏற்பது?

இவ்வரலாற்றினின்று தெளியத்தக்க நெறி ஒன்றுண்டு. பெயரைச் சுருக்கும் உரிமை கொடுத்தவர்க்கே உண்டு, கொண்டவர்க்கு இல்லை. பெர்க்கிலியின் நெறியைத் தளர்த்தியது அப்பல்கலைக்கழகமே. பெயர்ப்பட்டியலுக்கு மாற்றாக முகவரி போதும் என்று 2009-இல் இசைந்தவர்கள் எழுதியவர்களே. 2004-இல் தொடங்கப்பெற்ற ஓப்பன் சுட்ரீட்டு மேப்பு என்னும் பொது நிலப்படத்தை எடுத்தாள்வோர், வரைந்தவர் ஒவ்வொருவரையும் சுட்டவேண்டுவதில்லை. 'ஓப்பன் சுட்ரீட்டு மேப்புப் பங்களிப்பாளர்கள்' என்று எழுதி, உரிமத்தை அறியும் வழியைக் காட்டினால் போதும். அந்தக் கூட்டுப்பெயரும் வரைந்தவர்களின் இசைவோடு அமைந்ததே. இவ்வாறு கொடுத்தவர்கள் தாமே குறுக்கிக்கொண்ட பெயரைக் கொண்டவர்கள் மேலும் குறுக்குவதற்கும், முற்றும் அழிப்பதற்கும் எவ்வகை உரிமையும் இல்லை.

இந்நெறியை மறந்தவர்கள் உலகப்புகழ் பெற்றவர்களாயினும் தலைகுனிய நேர்ந்தது. 2009-இல் அமெரிக்க எழுத்தாளர் கிறிசு ஆண்டர்சன், விலையில்லாப் பொருள்களின் வாணிகத்தைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் விக்கிப்பீடியாவின் தொடர்கள் பெயர்ச்சுட்டின்றிப் புகுந்திருந்தமையை ஓர் இலக்கிய இதழ் எடுத்துக்காட்டியது. இணையச் சான்றுகளை எவ்வடிவில் குறிப்பது என்பதில் முடிவு காண இயலாமல் அடிக்குறிப்புகளை நீக்கியபொழுது நேர்ந்த தம் பிழையே அது என்று அவர் ஒப்புக்கொண்டார். வடிவம் கிடைக்கவில்லை என்பதற்காகப் பெயரையே விட்டுவிட்ட கதை இது. பிரெஞ்சு எழுத்தாளர் மிசெல் உல்பெக்கின் புதினம் ஒன்று 2010-இல் அந்நாட்டின் உயரிய கொன்கூர் பரிசைப் பெற்றது. வீட்டு ஈயைப் பற்றிய விளக்கம் உள்ளிட்ட சில பகுதிகள் பிரெஞ்சு விக்கிப்பீடியாவினின்று எடுக்கப்பட்டவை என்பது வெளிப்பட்டது. பின்வந்த பதிப்பில் விக்கிப்பீடியாவுக்கு நன்றி சேர்க்கப்பட்டது. முதற்பதிப்பிலேயே ஒரு வரி எழுதியிருப்பின் எவரும் குறை கூறியிரார்.

மேலையர் முப்பதாண்டுகளாக ஆய்ந்து காணும் இந்நெறி தமிழர்க்குப் புதியதன்று. கழகத் தொகை நூல்கள் யாவும் பலர் ஆக்கங்களை ஒருங்கு சேர்த்தவை. குறுந்தொகையில் 200-க்கும் மேற்பட்ட புலவர்களின் பாடல்கள் உள்ளன. அதனைத் தொகுத்தவர் பூரிக்கோ. தொகுத்தவர் என்ற அளவில் அவர் பெயர் நின்றது. பாடல்களின்மேல் அவர் பெயர் ஏறவில்லை. பாடல்களின்கீழ்ப் பாடியவர் பெயரைத் தமிழர் ஏட்டில் எழுதி வைத்தனர். பெயர் மறைந்துபோன புலவர் சிலரையும் அவர்கள் பெயரற்றவராக விட்டுவிடவில்லை. அவரவர் பாடலில் மின்னிய தொடரையே எடுத்து அவர்க்குப் பெயராகச் சூட்டினர். செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், மீனெறி தூண்டிலார், தேய்புரிப் பழங்கயிற்றினார் என்னும் பெயர்களெல்லாம் அவ்வாறு பிறந்தனவே. பெயர் கிடைக்கவில்லை என்பதை நன்றி மறத்தற்குச் சாக்காகக் கொள்ளாத மரபு அது. இன்றோ, பெயர் கண்முன் இருந்தும் எடுத்தெழுதக் கை வருவதில்லை.

கணினிக் காலத்திலும் அம்மரபு ஒருகால் தழைத்தது. 1998-ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டம், பழந்தமிழ் நூல்களைத் தொண்டர்களைக் கொண்டு தட்டச்சிட்டு இணையத்தில் விலையின்றி வழங்கி வருகின்றது. ஒவ்வொரு நூலின் தலைப்பிலும் அதனைத் தட்டச்சிட்டவர் யார், மெய்ப்புப் பார்த்தவர் யார் என்பன எழுதப்படுகின்றன. அத்தலைப்புப் பகுதியைச் சிதைக்காமல் வைத்துக்கொண்டு எவரும் எவர்க்கும் வழங்கலாம் என்பது அதன் நெறி. கிரியேட்டிவ் காமன்சு தோன்றுமுன்னரே தமிழ்த்தொண்டர்கள் வகுத்துக்கொண்ட பெயர்ச்சுட்டு நெறி அது.

தமிழ் விக்கிமூலத்திலும் ஒருவர் மெய்ப்புப் பார்த்த பக்கத்தை மற்றொருவர் சரிபார்க்கின்றார். இருவர் பெயரும் பதிவாகின்றன. முதல்நூல் பதிப்புரிமை நீங்கிய பழைய நூலாயின், பிழைதிருத்தியவர் பெயரைச் சொல்லுமாறு சட்டம் கட்டாயப்படுத்தாமற் போகலாம். சட்டம் நிற்குமிடத்தில் அறம் நின்றுவிடுவதில்லை. ஒற்றெழுத்து ஒன்றைத் திருத்துவதற்காக இரவில் விழித்திருந்தவர் கண்களுக்கு எந்தச் சட்டமும் விலை குறிக்கவில்லை; நன்றியுடையார் நெஞ்சே குறித்தல் வேண்டும்.

ஆனால் தமிழ் அச்சுலகில் நடப்பது யாது? கலைக்களஞ்சியக் கட்டுரையை அப்படியே எடுத்து விழா மலரில் ஒருவர் தம் பெயரில் வெளியிடுகின்றார். தேர்வு நூல் விற்பார், பலர் எழுதிய பக்கங்களைத் தைத்து விலை குறித்து, உள்ளே 'உரிமை பதிப்பகத்தார்க்கே' என்றும் அச்சிடுகின்றனர். சற்று நேர்மையுடையார் 'நன்றி: இணையம்' என்கின்றனர். படத்தின்கீழ் 'நன்றி: கூகுள்' என்று எழுதும் வழக்கமும் பெருகியுள்ளது. கூகுள் தேடித் தரும் பொறியேயன்றிப் படமெடுத்தவர் அன்று. மடல் கொண்டுவந்து கொடுத்த அஞ்சற்காரரை, மடல் எழுதியவர் என்று போற்றுவதை ஒக்கும் அது. 'நன்றி: விக்கிப்பீடியா' என்பதும் பாதி நேர்மையே. எக்கட்டுரை, எம்முகவரி, எவ்வுரிமம் என்பன இல்லாதபொழுது, படிப்பவர் எழுதியவரைச் சென்றடைய வழியில்லை.

இதனால் விளையும் கேடுகள் மூன்று. முதலாவது, உழைத்தவர் பெறும் ஒரே ஊதியம் பறிபோகின்றது. ஊதியம் பறிபோகுமிடத்தில் உழைப்பும் நாளடைவில் வறண்டுபோகும். எழுதும் கைகள் குறைந்துள்ள மொழிக்கு அவ்வறட்சி சாவையொக்கும். இரண்டாவது, பொறுப்பு மறைகின்றது. பெயரும் வரலாறும் இருக்குமாயின் பிழையைக் கண்டவர் எழுதியவரிடம் வினவலாம், சான்றை ஆராயலாம். அவையின்றி அச்சேறிய பிழை தலைமுறைக்கும் பிழையாகவே பரவும். மூன்றாவது, பொதுமை பூட்டப்படுகின்றது. உரிமத்தின் பெயரை மறைத்தவுடன், அடுத்துப் படிப்பவர் அதனைத் தனியார் உடைமை என்று எண்ணி ஒதுங்குகின்றார். எல்லார்க்கும் என்று வெட்டிய குளத்தைச் சுற்றி எவனோ ஒருவன் வேலியிட்ட கதையாக அது முடிகின்றது.

இவற்றுக்கு மேலாகப் புதியதோர் இடரும் வந்துற்றது. மாந்தரைப் போல் எழுதும் செயற்கை அறிவுப் பொறிகள், கட்டற்ற ஆக்கங்களை விழுங்கிப் பயின்றவையே. 2020-இல் வெளியிடப்பெற்ற சிபிடி-3 என்னும் பொறியின் ஆய்வுரையே, ஆங்கில விக்கிப்பீடியாவும் அதன் பயிற்சிக்குக் கொள்ளப்பெற்றதைக் கூறுகின்றது. பலர் உழைப்பின் சாறு ஒரு பொறியின் வாய்வழியே, எவர் பெயருமின்றி விடையாக வெளிவருகின்றது. உரிம நெறிகள் இதற்கு எவ்வளவு பொருந்தும் என்பதில் சட்ட அறிஞரிடையே ஒத்த கருத்து இல்லை. பொறிக்கு நாணமில்லை என்பது உண்மையே. ஆனால் பொறியைக் கையாளும் மாந்தர்க்கு அஃது இருத்தல் வேண்டும்.

செய்யத்தக்கவை அரியன அல்ல. விக்கிப்பீடியாக் கட்டுரையை எடுத்தாள்வார் கட்டுரையின் தலைப்பு, 'விக்கிப்பீடியாப் பங்களிப்பாளர்கள்' என்னும் பெயர், இணைய முகவரி, எடுத்த நாள், உரிமத்தின் பெயரும் பதிப்பெண்ணும், தாம் செய்த மாற்றம் ஆகியவற்றை எழுதுக. நான்கு வரிகளுக்குமேல் ஆகாது. பொதுவகத்தினின்று ஒளிப்படம் எடுப்பார், எடுத்தவர் பெயரை அவர் எவ்வடிவில் கொடுத்துள்ளாரோ அவ்வடிவிலேயே குறிப்பிடுக. புனைபெயராயினும் அது அவர் விரும்பிய பெயர். நூலாக அச்சிடுவார், முகவரியைத் தட்டிப்பார்க்க அச்சுத்தாளில் வழியில்லை என்பதை எண்ணி, இயன்றவிடத்து இறுதிப் பக்கங்களில் பெயர்ப்பட்டியலையே அச்சிடுக. புதிதாகக் கூட்டுப்பணி தொடங்குவார், எவர் பெயர் எவ்வாறு சுட்டப்பெறும் என்பதை முதல் நாளிலேயே எல்லாருடனும் பேசி எழுதி வைக்க. தட்டச்சிட்டவர், பிழைதிருத்தியவர், படம் தந்தவர் எவரையும் 'மற்றும் பலர்' என்னும் இருட்டறைக்குள் தள்ளாதிருக்க. பள்ளியில் மாணவர்க்குக் கட்டுரை எழுதப் பயிற்றும் ஆசிரியர்கள், சான்று காட்டும் பழக்கத்தையும் உடன் பயிற்றுக.

தமிழுக்காக உழைப்போர் பலர். அவருள் பெயர் பெறுவோர் சிலர். பெயர் வேண்டாதவர் தாமே வேண்டாவென்று விடுக்கலாம். அது அவர் பெருமை. பிறர் அவர் பெயரைப் பறித்தல் பறித்தவர்க்கு இழிவு. ஏட்டுச்சுவடிக் காலத்தில், பெயரறியாப் புலவனுக்கும் அவன் பாட்டிலிருந்தே பெயர் கண்டு சூட்டிய இனம், பெயர் தெரிந்த தொண்டனைப் பெயரற்றவனாக்கும் இழிசெயலை இன்றோடு விடுக. அடுத்த மலர், அடுத்த நூல், அடுத்த படம் அச்சேறுமுன், அந்த நான்கு வரிகள் அதில் உளவா என்று ஒருமுறை பார்த்து அச்சேற்றுக!